மாமனார் பார்த்த மெட்ஸ் கணக்கு

(நியூயார்க், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன். 2025 டிசம்பர் கடைசி வாரம், மார்கழிக் கூட்டம். மாமனார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர், மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றினால் உள்ளே பேஸ்பால் ஜெர்சி, முதுகில் 20 என்ற எண், அலான்சோ என்ற பெயர்.)

மாமனார்: மாப்பிள்ளை, தோசை ஆறிப்போகிறது. செல்போனை வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாப்பிள்ளை: மக்நீலையும் அனுப்பிவிட்டார்கள் மாமா.

மாமனார்: அடப்பாவமே, உங்கள் ஆபீஸிலா? எத்தனை பேர்?

மாப்பிள்ளை: ஆபீஸ் இல்லை மாமா, மெட்ஸ், எங்கள் நியூயார்க் பேஸ்பால் அணி. ஜெஃப் மக்நீல், இரண்டாவது பேஸ்மேன், 2022-இல் லீக்கிலேயே பேட்டிங் சராசரியில் முதலிடம் வந்தவன். முதலில் நிம்மோ போனான், அப்புறம் டியாஸ், மறுநாளே அலான்சோ, இப்போது இவன். ஒரே மாதத்தில் நாலு பேர். யாரை நம்பி ஏப்ரலில் டிவி போடுவது?

மாமனார்: அலான்சோ என்றால் உங்கள் முதுகில் இருப்பவரா?

மாப்பிள்ளை: அவனேதான். துருவக் கரடி என்று செல்லப் பெயர். 2019-இல் அறிமுகமான வருஷமே 53 ஹோம் ரன், நம்மூர் கிரிக்கெட் சிக்சர் மாதிரி, புதுமுகம் யாரும் அதற்கு முன்னால் அவ்வளவு அடித்ததில்லை. இந்த ஆகஸ்டில் டாரில் ஸ்ட்ராபெரியின் 252 சாதனையைத் தாண்டி, மெட்ஸ் சரித்திரத்திலேயே அதிக ஹோம் ரன் அடித்தவன் ஆனான். இரண்டு வருஷமாக ஒரு ஆட்டம்கூட லீவு போடவில்லை மாமா, வருஷத்துக்கு 162 ஆட்டம்!

மாமனார்: கேஷுவல் லீவுகூட எடுக்காதவரையா விட்டார்கள்?

மாப்பிள்ளை: பால்டிமோர்காரன் ஐந்து வருஷத்துக்கு 15.5 கோடி டாலர் என்றான், போய்விட்டான். இதில் கொடுமையைக் கேளுங்கள். போன வருஷம் 2024 அக்டோபரில் மில்வாக்கியில் வாழ்வா சாவா ஆட்டம், கடைசி, அதாவது ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு ரன் பின்னால் இருக்கிறோம், என் கதை முடிந்தது என்று உட்கார்ந்திருக்கிறேன், அப்போது டெவின் வில்லியம்ஸ் என்ற பிட்சரின் பந்தில் அலான்சோ அடித்தான் பாருங்கள் ஒரு ஹோம் ரன், மூன்று ரன், அந்த ஒரு அடியில் அடுத்த சுற்றுக்குப் போனோம். இப்போது என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? அடித்தவனை அனுப்பிவிட்டு, அடி வாங்கிய வில்லியம்ஸைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

மாமனார்: சரிதானே. அடி வாங்கியவனுக்குத்தான் அனுபவம் இருக்கும். சட்னி வேண்டுமா?

மாப்பிள்ளை: வேண்டாம் மாமா. வயிறு சரியில்லை, செப்டம்பரிலிருந்தே.

மாமனார்: அதைச் சொல்லுங்கள். நான் வந்து இறங்கிய மறுநாள், செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நீங்கள் சோபாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தீர்கள், என் பெண் சமையலறையில் சத்தம் போடாமல் பாத்திரம் அடுக்குகிறாள், குழந்தை காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறது. ஊரில் யாரோ தவறிவிட்டார்கள், பிரயாணக் களைப்பில் வந்த மனுஷனிடம் சொல்ல வேண்டாம் என்று மறைக்கிறீர்கள் என்று நினைத்து, நானும் இரண்டு நாள் கேட்கவில்லை.

மாப்பிள்ளை: அன்றைக்கு ஜெயித்திருந்தால் பிளே ஆஃப் மாமா. மியாமியோடு ஆட்டம். சம்பளப் பட்டியலில் கடைசி வரிசையில் நிற்கிற அணி அது. நாங்கள் 30 கோடி டாலருக்கு மேல் கொட்டிய அணி. போட்டிக்கு நின்ற சின்சினாட்டி அன்றைக்குத் தோற்றுவிட்டது, கதவைத் திறந்து வைத்து வா வா என்று கூப்பிடுகிறார்கள். நாங்கள் 4-0 தோற்றோம். ஐந்தாவது இன்னிங்ஸில் ஓடி ரன் எடுக்க மூன்று பேஸிலும் ஆள் காத்து நிற்கிறார்கள், அலான்சோ அடித்த அடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, அவ்வளவு வேகம், நேரே போய் இடதுபக்க ஃபீல்டர் கையில் விழுந்தது. ஒரு கெஜம் தள்ளிப் போயிருக்கக் கூடாதா?

மாமனார்: மொத்தத்தில் எத்தனை?

மாப்பிள்ளை: 83 வெற்றி, 79 தோல்வி. சின்சினாட்டியும் அதே 83. ஆனால் எங்களுக்குள் நடந்த ஆட்டங்களில் அவர்கள் அதிகம் ஜெயித்ததால் அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே.

மாமனார்: பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறீர்கள், அதற்கா அந்த முகம்?

மாப்பிள்ளை: நீங்கள் ஜூன் மாதம் பார்த்திருக்க வேண்டும் மாமா. ஜூன் 12 அன்றைக்கு 45 வெற்றி, 24 தோல்வி, மொத்த பேஸ்பாலிலேயே எங்களைவிட நல்ல கணக்கு எவனுக்கும் கிடையாது. அன்றைக்கு ஆட்டத்தில் எங்கள் ஜப்பான் பிட்சர் செங்கா, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறான். சும்மா ஒரு பந்து, எதிரணிக்காரனை அவுட் ஆக்கச் செங்கா முதல் பேஸுக்கு ஓடி வருகிறான், அலான்சோ எறிந்தது கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது, செங்கா எம்பிப் பிடித்தான், இறங்கும்போது தொடையில் நரம்பு இழுத்துவிட்டது. அதற்கப்புறம் அவன் பழைய செங்கா இல்லை, நாங்களும் பழைய மெட்ஸ் இல்லை. அன்றைக்கு ஜெயித்தோம், அடுத்து ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றோம்.

மாமனார்: என்ன கிழமை?

மாப்பிள்ளை: வியாழன். மத்தியான ஆட்டம்.

மாமனார்: வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று.

மாப்பிள்ளை: அவன் ஆறாவது இன்னிங்ஸ் வரை நன்றாகத்தான் போட்டான் மாமா.

மாமனார்: போடுவான். இங்கே ஜூனில் சூரியன் எட்டரை மணி வரைக்கும் இருக்கிறானே, பகலை எட்டாகப் பிரித்தால் ராகு காலம் தள்ளிப்போய் மூன்று மணிவாக்கில்தான் தொடங்கும். ஊர்க் கணக்கை அப்படியே போடக் கூடாது.

மாப்பிள்ளை: அதைவிட அதிசயம் கேளுங்கள். அதற்கு முந்தின வருஷம் அதே ஜூன் 12, ஹாம்பர்கர் விளம்பரத்தில் வருகிற ஊதாக் கலர் பொம்மை வேஷக்காரர் ஒருவர் மைதானத்துக்கு வந்து முதல் பந்து போட்டார். அன்றையிலிருந்து வரிசையாக ஏழு ஜெயித்து, அந்த வருஷம் எங்கேயோ போய்விட்டோம்.

மாமனார்: ஒரு வருஷம் ஏழு வரவு, மறு வருஷம் ஏழு பற்று. கணக்கு நேராகிவிட்டது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை: உங்களிடம் சொன்னேன் பாருங்கள். சரி, இதற்காவது வருத்தப்படுங்கள். இந்த சீசனில் எட்டாவது இன்னிங்ஸ் முடியும்போது பின்தங்கியிருந்த ஆட்டம் 70. அதில் எத்தனை ஜெயித்தோம்?

மாமனார்: ஒரு பத்து?

மாப்பிள்ளை: பூஜ்யம். எழுபதுக்குப் பூஜ்யம்.

மாமனார்: நீங்கள் எழுபதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸ் பார்த்தீர்களா?

மாப்பிள்ளை: பார்த்தேன்.

மாமனார்: திரும்பி வராத கடனுக்கு எழுபது தரம் நோட்டீஸ் அனுப்புகிற கிளர்க்கை நான் மாற்றல் போட்டு அனுப்பியிருப்பேன். சரி, பெரிய ஆள் ஒருவர் இருக்கிறாரே, என் பேரன் பெயர் சொல்கிறானே, ஏதோ சோட்டா...

மாப்பிள்ளை: சோட்டோ. ஹுவான் சோட்டோ. பதினைந்து வருஷ ஒப்பந்தம், 76.5 கோடி டாலர். விளையாட்டிலேயே பெரிய தொகை. அதே ஊர் யாங்கீஸிலிருந்து இழுத்து வந்தோம்.

மாமனார்: எழுபத்தாறரைக் கோடி. டாலர். அதற்கு என்ன செய்தார்?

மாப்பிள்ளை: 43 ஹோம் ரன் அடித்தான். 38 தரம் திருடினான்.

மாமனார்: என்னது?

மாப்பிள்ளை: பேஸ் மாமா, பேஸ். பந்து போடுகிறவன் அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓடுவது. போன வருஷம் யாங்கீஸில் ஏழு தரம்தான் திருடினான், எங்களிடம் வந்து 38.

மாமனார்: இத்தனை கொடுத்த பிறகு திருட்டு அஞ்சு மடங்கு ஏறியிருக்கிறது. எங்கள் கிளையில் ஒரு கேஷியர் இப்படித்தான், பிரமோஷன் கொடுத்த பிறகு... அதை விடுங்கள். இவர் ஏன் அந்த இடத்தை விட்டு வந்தார்?

மாப்பிள்ளை: பணம்தான். கூடவே, மைதானத்தில் குடும்பத்துக்கு இலவசமாகத் தனி அறை கேட்டானாம், யாங்கீஸ் மறுத்தார்களாம், நாங்கள் கொடுத்தோம் என்று பத்திரிகையெல்லாம் எழுதின.

மாமனார்: தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி என்று சொல்லுங்கள். (தண்ணீர் குடிக்கிறார்.) சிலருக்கு ஏசி மட்டும் போதும்.

மாப்பிள்ளை: மாமா, அந்த ஏசியை நான் கேட்கவே இல்லை.

மாமனார்: நான் பொதுவாகச் சொன்னேன். பேரன் சொல்கிற அந்த எக்காளக்காரர் யார்?

மாப்பிள்ளை: டியாஸ், எட்வின் டியாஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவன் கதவைத் திறந்துகொண்டு வரும்போது எக்காளம் முழங்கும், நாற்பதாயிரம் பேர் கை தட்டுவார்கள், எனக்கு மயிர்க்கூச்செறியும் மாமா. மூன்று வருஷத்துக்கு 6.9 கோடி என்று லாஸ் ஏஞ்சலஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கிய அணி! இருப்பவனிடமே போய்ச் சேர்கிறது எல்லாம்.

மாமனார்: நல்ல உடம்போ?

மாப்பிள்ளை: இப்போது நன்றாக இருக்கிறான். 2023 முழுக்க ஆடவில்லை, முழங்கால்.

மாமனார்: விளையாடும்போது அடியா?

மாப்பிள்ளை: இல்லை... அதாவது, உலக பேஸ்பால் போட்டியில் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு ஆடினான். ஜெயித்தார்கள். ஜெயித்துவிட்டு எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அதில்.

மாமனார்: ஆட்டம் முடிந்த பிறகு.

மாப்பிள்ளை: முடிந்த பிறகுதான்.

மாமனார்: உங்கள் ஆட்களுக்கு ஜெயிப்பதே பழக்கமில்லை போலிருக்கிறது. கடைசியாக எப்போது கோப்பை?

மாப்பிள்ளை: 1986.

மாமனார்: அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மாப்பிள்ளை: சிரிக்காதீர்கள் மாமா, நிம்மோவை நினைத்தால்தான் எனக்கு ரொம்பக் கஷ்டம். வயோமிங்காரன். அந்த மாநிலத்தில் பள்ளிக்கூடங்களில் பேஸ்பாலே கிடையாது, அங்கிருந்து வந்தவனை 2011-இல் முதல் சுற்றில் எடுத்தார்கள், அன்றையிலிருந்து எங்களோடுதான். நாலு பந்து தள்ளிப் போட்டால் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம், எல்லோரும் நடப்பார்கள், அவன் மட்டும் சிரித்துக்கொண்டே ஓடுவான். அவனை டெக்சாஸுக்குக் கொடுத்துவிட்டு, 35 வயது செமியனை வாங்கியிருக்கிறார்கள். கேட்டால் ரன் தடுப்பாம். நல்லாத் தடுக்கிறான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ரன் எடுக்கிறவனை எல்லாம் அனுப்பிவிட்டால் எதிரணிக்கும் தடுப்பு, நமக்கும் தடுப்பு!

மாமனார்: அப்படியானால் யார்தான் மிச்சம்?

மாப்பிள்ளை: லிண்டோர் இருக்கிறான், 31 ஹோம் ரன், 31 பேஸ் திருட்டு, கால் விரல் முறிந்தும் ஆடினான். மக்லீன் என்று ஒரு பையன், ஆகஸ்டில் வந்தான், முதல் நாலு ஆட்டமும் ஜெயித்தான், அப்படி எந்த மெட்ஸ் பிட்சரும் தொடங்கியதில்லை. மற்றபடி பிட்சர் என்று இந்த ஒரே சீசனில் நாற்பதுக்கும் மேல் ஆட்களை இறக்கியிருக்கிறார்கள் மாமா, பாதிப் பேர் முகம் எனக்கே தெரியாது. எனக்கு!

மாமனார்: என்னைக் கேட்டால் உங்கள் அணியில் விவரமான ஆள் ஒருவர்தான். பேரன் கம்ப்யூட்டரில் காட்டினான். பொனியா.

மாப்பிள்ளை: மாமா! பாபி பொனியாவா? அவர் எங்களுக்காக ஆடி நிறுத்தி இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

மாமனார்: ஆடாமலேயே வருஷா வருஷம் ஜூலை 1 அன்றைக்கு 11,93,248 டாலர், 20 சென்ட் வாங்குகிறார். அந்த இருபது சென்ட்டைப் பாருங்கள் மாப்பிள்ளை, அதுதான் ஒழுங்கு. அவருக்குத் தர வேண்டிய 59 லட்சத்தை இப்போது வேண்டாம், 2011-லிருந்து 25 வருஷம் தவணையாகக் கொடு, அதுவரைக்கும் எட்டு சதவீத வட்டி போடு என்று எழுதி வாங்கியிருக்கிறார். எட்டு சதவீதம்! மொத்தம் கிட்டத்தட்ட 3 கோடி. 2035-இல் கடைசித் தவணை வரும்போது மனுஷனுக்கு 72 வயது. இதைவிட நல்ல பென்ஷன் திட்டம் நான் முப்பத்தாறு வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை: அப்போதைய முதலாளிகள் பணத்தை மேடாஃப் என்ற ஆளிடம் போட்டு அதைவிட அதிகம் சம்பாதித்துவிடலாம் என்று நினைத்தார்களாம்.

மாமனார்: அந்த மோசடிக்காரனா? பார்த்தீர்களா, ஒரு பக்கம் கேட்பவனுக்கெல்லாம் அதிக லாபம் தருகிறேன் என்றவன், இன்னொரு பக்கம் எட்டு சதவீதம் போதும் என்று உட்கார்ந்தவன். யார் பிழைத்தார்கள்?

மாப்பிள்ளை: ஊரே அந்த ஜூலை 1-ஐ வைத்து எங்களைக் கிண்டல் செய்கிறது, நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்கள்.

மாமனார்: கிண்டலா? நான் மரியாதையாகச் சொல்கிறேன். இந்தக் கோட்டை மூடுங்கள், எல்லோரும் அந்த இருபதையே பார்க்கிறார்கள். புதிதாகச் சட்டை வாங்கப் போகிறீர்களா?

மாப்பிள்ளை: யார் பெயரில் வாங்குவது? பேரைத் தைத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆளை அனுப்பிவிடுகிறார்கள். போன தரம் 150 டாலர்.

மாமனார்: அப்படியானால் ஏற்கெனவே போனவர் பெயரில் வாங்க வேண்டும். இனிமேல் அவர் எங்கே போவார்? பொனியாவுக்கு என்ன நம்பர்?

மாப்பிள்ளை: 25. மாமா, வேண்டாம், தெருவில் சிரிப்பார்கள்.

மாமனார்: இந்த வருஷம் உங்கள் அணியில் சம்பளம் வாங்கியும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர் அவர் ஒருவர்தான். உங்களுக்கு வேண்டாம் என்றால் எனக்கு ஒன்று ஆர்டர் போடுங்கள். லார்ஜாகவே சொல்லுங்கள், உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும்.