படைப்பு வீட்டில் ஒரு பட்டாளப் பேச்சு

எங்கள் நகரத்தார் வழக்கப்படி முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு இந்த முறை பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தோம். பந்தி முடிந்து வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்தபோது பேச்சு சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் ஆச்சி (அக்கா) மகன் பக்கம் திரும்பியது. பையனுக்கு 17 வயது. அத்தான் வேலைக்குப் போய் அங்கே பி.ஆர். (நிரந்தரவாச உரிமை) வாங்கியவர், அதனால் அவருக்குக் கட்டாயப் பட்டாளச் சேவை கிடையாது. அவர் வழியாக பி.ஆர். ஆன பையனுக்கு உண்டு. "பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துட்டு ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பிடலாமா?" என்று அத்தான் கேட்டதுதான் தாமதம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது. பயந்தாங்கொள்ளிகள்" என்று பெரியப்பச்சி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

எனக்கு ஒப்பவில்லை. நம் ஐயாக்கள் (தாத்தாக்கள்) மீசை முளைக்காத வயதில், வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, 3 வருடக் கணக்கு முடியும்வரை ஊர் திரும்பாமல் கிடந்தவர்கள். சரி, அது தைரியம்தான். ஆனால் சம்பளம் பேசிக்கொண்டுதான் ஏறினார்கள். பெட்டியடியில் இருந்தவன் அடுத்தாள் ஆவான், மேலாள் ஆவான், கெட்டிக்காரன் என்றால் தனிக்கடையே வைப்பான். இன்றைய பையனும் அதே கணக்கைத்தான் கேட்கிறான்: 2 வருடம் போனால் என் கையில் என்ன நிற்கும்?

சிங்கப்பூரில் 1967-ல் வந்த சட்டம் இது. முன்பு இரண்டரை வருடம், 2004-ல் இரண்டாகக் குறைத்தார்கள். கூடப் படித்த பெண் பிள்ளைகள் அதற்குள் கல்லூரியில் பாதி தாண்டிவிடுவார்கள். முடித்த பிறகும் 10 வருடத்துக்கு, வருடத்தில் 40 நாள் வரை கூப்பிட்டால் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவனுக்கு இந்தப் பாரம் எதுவும் இல்லை. முணுமுணுப்பு வராமல் இருக்குமா? அதே சமயம், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பி.ஆருக்கான குறைந்த கட்டணத்தில் படிக்க வைத்துவிட்டு, முறை வரும்போது கழன்றுகொள்வது எனக்குக் கடன் வாங்கி ஏமாற்றுவது மாதிரித்தான் தெரிகிறது. வட்டிக்கடை வைத்த வம்சத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அத்தானிடமே சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது.

பர்மா கதை வேறு. 2010-ல் எழுதிவைத்த கட்டாய ராணுவச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. 2 வருடம், நெருக்கடி என்றால் 5 வருடம் வரை. அறிவிப்பு வந்ததும் பாஸ்போர்ட் அலுவலக வாசலில் கூட்டம் நெரிந்தது. நம்மவர்கள் ரங்கூன் மொகல் தெருவில் கடை போட்டிருந்த அந்த நாட்டில் இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். சொந்த ஜனங்கள் மேலேயே குண்டு போடும் ராணுவம் அது. அதில் சேர மாட்டேன் என்று எல்லை தாண்டி ஓடுகிறவனைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழாது.

இங்கே காரைக்குடியில் விடிகாலை 5 மணிக்கு மைதானப் பக்கம் போய்ப் பாருங்கள். சுற்றுப்பட்டு கிராமத்துப் பையன்கள் ராணுவத் தேர்வுக்காக 1.6 கிலோமீட்டரை நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். நம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் 4 வருடம்தான், அதிகபட்சம் நாலில் ஒருவருக்குத்தான் அதற்கு மேல் நீட்டிப்பு. தெரிந்தே ஓடுகிறார்கள். வீரம் என்று யாராவது பாராட்டினால் சிரிப்பார்கள். "வேலைக்குண்ணே" என்றான் ஒருவன்.

அப்புறம் ஒன்று. அன்று வளவில் அவ்வளவு பேர் பேசினோமே, பையனை யாருமே கேட்கவில்லை. ராத்திரி திண்ணையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவனிடம் நானாகப் போய்க் கேட்டேன். "என் கிளாஸ்ல எல்லாப் பசங்களும் போறாங்க அம்மான். நான் மட்டும் போகாம இருந்தா, அப்புறம் அவங்களைப் பார்க்க எப்படிப் போறது? அப்பாதான் பயப்படுறாரு" என்றான்.

உள்ளே ஆச்சி, அவன் எடுத்துப்போக சீப்புச் சீடையை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். பட்டாளத்தில் இதையெல்லாம் உள்ளே விடுவார்களா என்று என்னிடம் கேட்டாள். அத்தான் அங்கேதான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.