தொடாமல் எங்கே வாழ்ந்தார்கள்?

வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களைப் பற்றிய இந்தக் கட்டுரை நல்ல கட்டுரைதான், ஆனால் அவர்கள் "காட்டைத் தொடாமல் வாழ்ந்தவர்கள்" என்று எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அமெரிக்க, கனடா எல்லையில் சுப்பீரியர் ஏரியைச் சுற்றியுள்ள அந்தக் காட்டில் அவர்கள் கை படாத பொருளே குறைவு.

பிர்ச் மரப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைத் தொடக்கத்தில் பட்டை தானாக நெகிழ்ந்து கொடுக்கும். மரத்துக்குப் புகையிலை வைத்து நன்றி சொல்லிவிட்டு, உள்பட்டையில் கீறல் விழாமல் வெளிப்பட்டையை மட்டும் உரித்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். உள்ளே கத்தி இறங்கிவிட்டால் போச்சு! அந்தப் பட்டையை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேரால் தைத்து, தையலில் பிசின் பூசி, சிடார் மரச் சட்டங்கள் வைத்துத்தான் படகு கட்டினார்கள். குடிசைக்குக் கூரையும் பாத்திரமும்கூட அதே பட்டைதான். அப்புறம் மேப்பிள் மரச் சாற்றில் எடுக்கும் சர்க்கரை. பனி உருகும் பருவத்தில் குடும்பத்தோடு தோப்பில் தங்கி, ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும், சர்க்கரையாக்க அதையும் சுண்டவைக்க வேண்டும் (நம் பதனீர் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும்).

இன்னொன்று, கட்டுரை எல்லாவற்றையும் "அந்தக் காலம்" என்றே பேசுகிறது. அமெரிக்க அரசோடு செய்த 1837 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டை, மீன்பிடி, காட்டரிசி (ஏரித் தண்ணீரில் தானாக விளையும் தானியம்) சேகரிக்கும் உரிமைகளை அவர்கள் விடவில்லை. மினசோட்டா மாநில அரசு மறுத்து வழக்காடியும், 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. இன்றும் கோடை முடிவில் படகில் போய்க் காட்டரிசியைக் கோலால் தட்டி எடுக்கிறார்கள்.