எலி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்

அண்ணே, சுங்கை சிப்புட் கடையில் உப்பிப்போன சார்டின் டின் படத்தைப் போட்டு எச்சரித்தது நல்ல காரியம். அந்த மாதிரி டின்னைத் தூக்கிப்போடுவதுதான் சரி. ஆனால் கீழே, கெட்டுப்போன டின் உணவில் கிருமி உண்டாக்கும் பொட்டுலினம் நஞ்சை எலிக்கு ஊசி போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும், வேறு வழியே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்று மட்டும் சரியில்லை.

எலிச் சோதனை பழைய முறை, இன்றும் பல இடங்களில் நடக்கிறது. நான்கு நாள் வரை எலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி உருவாக்கிய எண்டோபெப் முறையில் எலியே வேண்டாம். இந்த நஞ்சு ஒரு கத்திரி மாதிரி. நரம்பில் உள்ள ஸ்நாப்-25 என்ற புரதத்தை ஏ வகை ஓரிடத்தில் வெட்டும், ஈ வகை வேறிடத்தில் வெட்டும். அதே புரதத்தின் சிறு துண்டைச் செயற்கையாகச் செய்து குழாயில் போடுகிறார்கள். நஞ்சு இருந்தால் அது வெட்டுப்படும். வெட்டுப்பட்ட துண்டுகளை, மூலக்கூறுகளை எடைபோடும் நிறை நிறமாலைமானி என்ற கருவியில் எடைபோட்டால் எந்த வகை என்பதே தெரிந்துவிடும். மட்டை வெட்டின தழும்பைப் பார்த்து யார் கத்தி என்று சொல்லும் மண்டோர் (மேற்பார்வையாளர்) நம் தோட்டத்தில் இருந்தாரே, கிட்டத்தட்ட அதுதான்! இதற்குச் சில மணி நேரம் போதும்.

அப்புறம், இதே நஞ்சிலிருந்து செய்யும் போட்டாக்ஸ் மருந்தின் வீரியத்தை எலிக்குப் பதிலாக உயிரணுக்களில் சோதிக்கும் முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2011-லேயே அனுமதி கொடுத்துவிட்டது.

என் பேச்சை நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் எண்டோபெப், சிடிசி என்ற இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். ஆய்வுச் சுருக்கங்களை இலவசமாகவே படிக்கலாம்.