கடன் இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்பது தவறு
‘கடன் வாங்காமல் சொந்தச் சம்பளத்தில் ரம்மி ஆடினால் அது அடிமைத்தனம் இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு (2013) ஒன்பது அறிகுறிகள் சொல்கிறது. ஓராண்டுக்குள் நான்கு இருந்தாலே சூதாட்டக் கோளாறுதான். பணத்துக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது அதில் ஒன்று மட்டுமே.

நானும் கடன் வாங்கியதில்லை. ஆனால் பெங்களூரு அல்சூர் அறையில், விட்ட 500 ரூபாயைப் பிடிக்க நள்ளிரவில் 3,000 போட்டேன். ஏன் தூங்கவில்லை என்று போனில் அம்மா கேட்டால், ‘ஆபீஸ் வேலை’ என்பேன். துரத்தல் ஒன்று, பொய் இரண்டு. நிறுத்தப் பார்த்தால் எரிச்சல், அப்புறம் நிறுத்த முடியாமல் மறுபடி ஆட்டம். நான்கு ஆகிவிட்டது.

உங்களுக்கும் இப்படியென்றால் கடன் வரும்வரை காத்திருக்காதீர்கள். பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கும் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம்.