சாம்பிள் கேட்டால் கடைப் பெயரைச் சொல்லாதீர்கள்

விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். ஒரு நகைக் கடை சாம்பிள் என்று கேட்டு வாங்கிய என் குரலை, காசு தராமல் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஓட்டுகிறது. அதைப் பற்றி முந்தாநாள் நான் போட்ட வீடியோவுக்குக் கீழே நடந்ததையெல்லாம் பார்த்திருப்பீர்கள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "ஒரு சாம்பிளுக்கு இவ்வளவு ரகளையா" என்று நேற்று ராத்திரி வரை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாம்பிள் என்பது குரல் ஒத்துவருமா என்று கேட்டுப் பார்ப்பதற்கு. அதையே ஸ்பீக்கர் கட்டி ஊருக்குள் ஓட்டினால் அது விளம்பரம். விளம்பரத்துக்குக் காசு தர வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

அது உங்கள் குரல்தான் என்பது எப்படித் தெரியும் என்று நாலு பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். எனக்குத் தனி ஸ்டுடியோ கிடையாது. துணி அலமாரியைத் திறந்துவைத்து, இரண்டு பக்கமும் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்துப் பேசுவேன். எதிரொலி அடங்கிவிடும், ஆனால் ஃபேன் போட முடியாது. மே மாதத் திருச்சியில் ஃபேன் இல்லாமல் போர்வைக்குள் அரை மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தெருச் சத்தம் அடங்க வேண்டும் என்பதால் இரவு பதினொன்றரைக்குப் பதிவு செய்தேன். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று முடித்து மூச்சு எடுத்த இடத்தில் பரணிலிருந்து பல்லி கத்தியது. வேலை உறுதியானால் திரும்பப் பேசிக்கொள்ளலாம் என்று அப்படியே அனுப்பிவிட்டேன். அந்தக் கடைக்காரர்கள் இன்ஸ்டாகிராமில் போட்ட ஆடியோவை இறக்கி வைத்திருக்கிறேன். ஹெட்போன் போட்டுக் கேட்டால் சேதாரத்துக்கு அடுத்து பல்லி அப்படியே இருக்கிறது.

ஸ்கிரிப்டும் பாதி என்னுடையதுதான். முப்பது செகண்டுக்கு வந்த தாளில் 94 சொற்கள் இருந்தன. தமிழில் முப்பது செகண்டுக்கு 55, 60 சொற்களுக்கு மேல் போனால் கேட்பவர் காதில் ஒன்றும் தங்காது. ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்துத் தருகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. உட்கார்ந்து வெட்டி 58-க்குக் கொண்டுவந்தேன். ஆட்டோவில் ஓடுவது அந்த 58 சொற்கள்தான்.

நான் கேட்டது 3,500 ரூபாய். அதைத் தந்தால் ஆட்டோவிலும் கடை வாசலிலும் மூன்று மாதம் ஓட்டிக்கொள்ளலாம் என்று எழுதியே கொடுத்திருந்தேன். டிவி, யூடியூப் என்றால் வேறு தொகை. போன் செய்து கேட்டதற்கு, "இன்னும் வாய்ஸ் முடிவாகலை மேடம், சும்மா ஓட்டிப் பார்த்தோம். உங்களுக்கும் விளம்பரம்தானே" என்றார்கள். எனக்கு எப்படி விளம்பரம் ஆகும்? அதில் என் பெயர் எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டில் அப்பா காலையில் சவரம் செய்துகொண்டே டெல்லி செய்தி கேட்பார். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்று தொடங்கினால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் பெயர் தெரியும். 2022இல் அவர் இறந்த செய்தி வந்தபோது அம்மா அழுதார். பிறகு நானும் திருச்சி வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராகக் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே பெயர் சொல்வோம். விளம்பரத்தில் பெயர் கிடையாது, அதைத் தெரிந்துதான் வந்தேன். பெயர் இல்லாத வேலையில் அது என் குரல் என்பதற்கு அடையாளமாக வருவது அந்தக் காசு மட்டும்தான்.

"ஆரம்பத்தில் எல்லோரும் சும்மா செய்துதான் மேலே வந்தார்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். உண்மைதான், நானும் செய்திருக்கிறேன். முதல் வருடம் பள்ளி ஆண்டு விழா, கோயில் அறிவிப்பு என்று காசு வாங்காமல் நிறையப் பேசினேன். கேட்டார்கள், தெரிந்தே கொடுத்தேன். இது கேட்காமல் எடுத்தது. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"இப்படிச் சண்டை போட்டால் எல்லோரும் ஏஐக்குப் போய்விடுவார்கள்" என்றும் சொல்கிறீர்கள். போகட்டும். ஏஐ குரல் தமிழிலும் சல்லிசாகக் கிடைக்கிறதே, அதை விட்டுவிட்டு என் சாம்பிளை ஏன் எடுத்தார்கள்? தன் குரலை அனுமதியில்லாமல் ஏஐயில் நகல் எடுப்பதை எதிர்த்து அரிஜித் சிங் 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். அவரால் முடிந்தது. 3,500 ரூபாய்க்கு நான் எந்த கோர்ட்டுக்குப் போவேன்? இங்கேதான் எழுத முடியும். அதுவும் கடைப் பெயரை மறைத்துத்தான் போட்டேன்.

அப்புறம், "குரல்தானே" என்று எழுதியவருக்கு. காதலன் படத்தில் பிரபுதேவா பேசுவதாக நீங்கள் கேட்டது விக்ரமின் குரல். 1994இல் தியேட்டரில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? தெரியாமல் போனதால் அவர் உழைத்தது இல்லை என்று ஆகிவிடுமா?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். "புரொஃபஷனலிசம் இல்லை" என்று ஒரு கமெண்ட் வந்ததே, அதை எழுதியவரும் குரல் வேலை செய்கிறவர்தான். 2019இல் அவருடைய மைக் பழுதானபோது என் மைக்கை இரண்டு வாரம் கொடுத்துவிட்டு, நான் போனில் பதிவு செய்து சமாளித்தேன். ஒரு வாடிக்கையாளர் அந்தத் தரம் போதாது என்று போய்விட்டார். இதுவரை அவரிடம் நான் அதைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். காசைக் கேட்பது எந்த விதத்தில் தொழில் தெரியாத்தனம் என்று அவரே எனக்கு விளக்கட்டும்.

புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். முழு ஸ்கிரிப்டையும் படித்து அனுப்பாதீர்கள், இரண்டு வரி போதும். கடைப் பெயர் வரும் இடத்தைப் பேசாமல் விட்டுவிடுங்கள். பெயர் இல்லாத விளம்பரத்தை யாராலும் ஓட்ட முடியாது. பாதித் தொகை கைக்கு வந்த பிறகு பெயரோடு பேசுங்கள். எங்கே, எத்தனை மாதம் ஓடும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எட்டு வருடமாகச் செய்கிறேன், அவசரம் என்றார்களே என்று இந்த ஒரு தடவைதான் பெயரோடு அனுப்பினேன்.

இன்றைக்கும் அந்த ஆட்டோ எங்கள் தெருவில் வந்தது. அம்மா ஜன்னலுக்குப் போய் நின்று, எதிர் வீட்டு மாமியைக் கூப்பிட்டு, "எங்க பொண்ணு குரல்" என்றார். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

சாம்பிள் எப்படி அனுப்புவது என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு நாளைக்கு ஒன்று பேசி அனுப்புகிறேன். இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.