52 டிக்கெட்

பெவர்லி சில்ஸ் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான். உலகமே கொண்டாடிய குரல், பெற்ற மகளுக்கோ காது கேட்காது. என்ன விதி பாருங்கள் என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அந்தப் பெருமூச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. எனக்கு அந்தக் கதையில் மறக்காமல் நிற்பது 52 விமான டிக்கெட்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். 1929-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ஆப்பரா (பாட்டாலேயே நடத்தும் மேற்கத்திய இசை நாடகம்) பாடகி. பிறக்கும்போதே வாயில் எச்சில் குமிழி இருந்ததாம். வீட்டில் ‘பபிள்ஸ்’ என்று கூப்பிட்டார்கள், பிற்பாடு நாடே அப்படிக் கூப்பிட்டது. 1955-ல் நியூயார்க் சிட்டி ஆப்பரா என்ற குழுவில் சேர்ந்தார். அடுத்த வருஷம் பத்திரிகையாளர் பீட்டர் கிரீனோவுடன் கல்யாணம். அவருக்கு ஏற்கெனவே முதல் மனைவியின் பெண்கள் மூன்று பேர். 1959-ல் இவர்களுக்கு ஒரு மகள், 1961-ல் ஒரு மகன்.

மகளுக்கு இரண்டு வயது நெருங்கும்போதுதான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள், சில வாரங்களிலேயே, கைக்குழந்தையாக இருந்த மகனுக்கும் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்றார்கள். பாட்டை நிறுத்திவிட்டு பாஸ்டன் பக்கத்து வீட்டோடு இருந்துவிட்டார். சிட்டி ஆப்பராவின் இயக்குநர் ஜூலியஸ் ரூடல் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அசையவில்லை.

அப்போதுதான் கணவர் பிறந்தநாள் பரிசாக அந்த டிக்கெட்டுகளைக் கொடுத்தார். பாஸ்டனிலிருந்து நியூயார்க், போக வர, வாரத்துக்கு ஒன்று வீதம் ஒரு வருஷத்துக்கு.

ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். “உன்னால தாங்க முடியும்னுதான் கடவுள் உனக்கு இப்படிப் பிள்ளையைக் கொடுத்திருக்கார்” என்பார்கள். என் சித்தி இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர். அவர் பையனுக்கு இப்போது 22 வயது, இன்னும் ஊட்டித்தான் விட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் நீ எங்கேயாவது போய்விட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நானும்தான். போனால் பழம் வாங்கிக்கொண்டு போவேன்.

பணத்தையும் மறைக்க வேண்டாம். கிரீனோ வசதியான குடும்பத்துப் பிள்ளை. ஆள் வைக்க முடிந்தது, டிக்கெட் எடுக்க முடிந்தது. சில்ஸ் சாதித்தது இதனால் குறைந்துவிடாது. ஆனால் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று அவர் படத்தைப் போட்டு மற்ற அம்மாக்களுக்குப் பாடம் எடுப்பவர்கள், டிக்கெட் யார் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தவர் அடக்க ஒடுக்கமாக வரவில்லை. 1966-ல் நியூயார்க்கின் கலை வளாகமான லிங்கன் சென்டரின் புது அரங்கில் ஹாண்டல் இசையமைத்த ‘ஜூலியோ சேசரே’ ஆப்பரா. கிளியோபாட்ரா வேஷத்தை ரூடல் வேறு பாடகிக்கு என்று வைத்திருந்தார். எனக்குத் தராவிட்டால் ராஜினாமா, நியூயார்க்கின் பெரிய கச்சேரி அரங்கான கார்னகி ஹாலை வாடகைக்கு எடுத்து அந்தப் பாட்டுகளை நானே பாடிக்கொள்கிறேன் என்று நின்றார் சில்ஸ். (வாடகை கணவர் கணக்கில்!) வேஷம் கிடைத்தது, அதிலிருந்துதான் பெரும்புகழ். 1969-ல் இத்தாலியின் புகழ்பெற்ற ஆப்பரா அரங்கு, மிலானின் லா ஸ்காலா. சொந்த ஊரின் பெரிய ஆப்பரா நிறுவனமான மெட்ரோபாலிட்டன் ஆப்பராவின் மேடை மட்டும் 1975 வரை கிடைக்கவில்லை. கிடைத்த அன்று கைதட்டல் 18 நிமிஷம். அப்போது வயது 45.

பிள்ளைகளால் வந்த துயரம்தான் அந்தக் குரலுக்கு ஆழம் கொடுத்தது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பிள்ளைகள் என்ன, சுருதிப்பெட்டியா? அவரே சொன்னது வேறு. இந்த வேதனையையே தாண்டிவிட்டால் எதையும் தாண்டலாம் என்று தோன்றியது, மேடையில் கூச்சம் போய் ஆனந்தமாகப் பாட ஆரம்பித்தேன் என்றார். பயம் விட்டுப்போனதைச் சொல்கிறார். அதைப் போய் நாம் துக்கமாக்கி ரசிக்கிறோம்.

மகனை ஆறு வயது வாக்கில் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். ‘பெத்தவளே கொண்டுபோய் விட்டுட்டாளே’ என்று வாய் துறுதுறுக்கும். 1960-களின் அமெரிக்கா அது. குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிக் கல்வி உண்டு என்ற சட்டமே 1975-ல்தான் வந்தது. பிள்ளைக்கு ஆட்டிசம் வருவது தாயின் பாசம் வற்றியதால்தான் என்று புருனோ பெட்டல்ஹைம் போன்ற உளவியல் பேர்வழிகள் சொல்ல, படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்துத் தாய் தன் வீட்டு விஷயத்தை ஒளிக்காமல் பேசினார், பிறவிக் குறைபாடுகளுக்காகப் பணியாற்றும் ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ அமைப்புக்குக் கோடிக்கணக்கில் நிதி திரட்டினார். நான் சந்தோஷமான பெண் இல்லை, உற்சாகமான பெண், இரண்டும் வேறு வேறு என்பார்.

1980-ல் பாடுவதை நிறுத்தினார். அதே சிட்டி ஆப்பராவை நிர்வகித்தார், பிறகு லிங்கன் சென்டருக்குத் தலைவர், கடைசியில் மெட்ரோபாலிட்டனுக்கும் தலைவர். அதற்குள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் படுத்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு மேல் அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். முடியாமல் போனபோது அவரையும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் 2005-ல் மெட்ரோபாலிட்டன் பதவியை விட்டு விலகினார்.