கலப்பைக் கிழங்கிலிருந்து ஒரு பூ

மகளிர் தினம் நெருங்கினாலே ரோஜாப் படங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. பெண்ணின் வலிமையைப் பூவில் காட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. எந்தப் பூ, எதைக் கொண்டு செய்த பூ என்பதில்தான் என் வழக்கு.

இந்த ஆண்டு அம்மாவுக்காக நான் செய்தது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் அதை விதைக்காகப் பயிரிடுகிறவர்கள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். அந்தக் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். அதே செடியின் விதையிலிருந்து மூட்டு வலிக்கு மருந்து எடுக்கிறார்கள். கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு, கிடைத்த வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். கோடையில் கொடி முழுக்கக் காய்ந்து மடிந்தாலும், மண்ணுக்குள் கிழங்கு காத்திருந்து மழைக்கு முளைக்கும். விரலின் மென்மையைப் பாடியவர்கள் அந்த இலை நுனியையும் பாடியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தீராத ஆற்றாமை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோதுதான் அம்மா எழுதப் படிக்கக் கற்றார். சைக்கிள் ஓட்டக் கற்றதும் அப்போதுதான். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறிய காலம் அது. அதன் பிறகு பால் கணக்கை அவரே எழுதினார், பாலையும் அவரே கொண்டுபோய் ஊற்றினார்.

அந்தப் பால் கணக்கு நோட்டின் தாள்களில்தான் ஆறு இதழ்களையும் வெட்டினேன். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு என்று நீர்வண்ணத்தை மிக மெலிதாகத்தான் பூசினேன்; கோணல்மாணலான அந்த எழுத்து மறைந்துவிடக் கூடாது. இதழ் ஓரத்தின் நெளிவுக்கு அவருடைய கிழிந்த சுங்குடிச் சேலையின் கரையை வைத்துத் தைத்தேன். இலை நுனிகளுக்குச் செம்புக் கம்பி. ஒட்டியது மைதாப் பசையால். பூச்சி அரிக்காமலிருக்க, புத்தகம் கட்டுபவர்கள் செய்வதுபோல் அதில் கொஞ்சம் மயில்துத்தம். தண்டு மட்டும் ஒரு வாரம் அமையவே இல்லை. துணியில் செய்தால் துவண்டது, தாளில் செய்தால் பொய்யாக இருந்தது. கடைசியில் பரணில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் அறுத்து வைத்தேன். கொடி நிமிர்ந்துவிட்டது.

ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, இது கைவேலை, ஓவியப் பிரிவில் வைக்க முடியாது என்றார்கள். தையல் வெளியே தெரிகிறது, பின்பக்கமாக மறைத்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது; இன்னும் தணியவில்லை. மேரி டெலானி என்ற ஆங்கிலப் பெண்மணி, பதினேழு வயதில் ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்டவர், எழுபதைக் கடந்த பிறகு 1772 வாக்கில் வண்ணத்தாளை நுணுக்கி வெட்டிக் கறுப்புத் தாளில் பூக்களை ஒட்டத் தொடங்கினார். சிலவற்றில் உண்மையான இலையையே சேர்த்திருக்கிறார். கண் பார்வை மங்கும்வரை ஏறத்தாழ ஆயிரம் பூக்கள். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெட்டுவதும் ஒட்டுவதும் தைப்பதும் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை என்பதாலேயே அது கலையில் ஒரு படி கீழே என்றால், அந்தப் படியை நான் ஏற்கமாட்டேன். தையலை மறைக்கவும் மாட்டேன். அம்மாவின் சேலைகளில் தைக்காத சேலை எது?

படத்தை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதழில் இருந்த கணக்கை வாய்விட்டுப் படித்தார். பிறகு தண்டைத் தடவி, ஓர் ஒட்டுத் தழும்பில் விரலை நிறுத்தினார்.

“இது ரயில்வே கேட் பக்கம் முள் குத்தின இடம்” என்றார். “அன்றைக்குப் பால் கேனோடு வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன்.”